லில்லிபாய் சிஸ்டர் சொன்ன ஒரே பொய்

போன செவ்வாய்க்கிழமை காலையில் முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். ஆட்டோ சசி வண்டியை நிறுத்தி, "அம்மே, நம்ம லில்லிபாய் சிஸ்டர் போயாச்சு" என்றான். "எலே, காலையிலே வாயில நல்ல வார்த்தை வராதா?" என்று சத்தம் போட்டேன். அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுத பிறகுதான் நம்பினேன்.

சபை மலரில் அவளைப் பற்றி எல்லாரும் எழுதுகிறீர்கள். சாந்தமானவள், பொறுமைசாலி என்று எழுதுவீர்கள். நான் கண்ட லில்லிபாய் கையில் குடையோடு மதில் ஏறிக் குதித்தவள். அதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

முதலில் என் கோபத்தைச் சொல்லவேண்டும். என் மூத்தவளைப் பெண் பார்க்க வந்த அன்று, பலகாரம் எடுத்துக்கொடுக்க லில்லிபாய் என் அடுக்களைக்குள் வந்தாள். அலமாரியில் உப்புப் பரணிக்குப் பக்கத்தில் பூச்சிமருந்து பாட்டிலைக் கண்டாள். வேறொருத்தி என்றால் என் காதில் சொல்லியிருப்பாள். இவள் அதைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்கே வந்துவிட்டாள். அண்ணி முறை வைத்து என்னை மைனி என்றுதான் கூப்பிடுவாள். "மைனி, சோறு பொங்கிற இடத்தில இதை வச்சிருக்கியே, வீட்டோட சாகணுமா?" மாப்பிள்ளை வீட்டார் கையில் முறுக்கு அப்படியே நின்றது. நாலு நாளில் சம்பந்தம் வேண்டாம் என்று தகவல் வந்தது. அன்றைக்கு நிறுத்தினேன் பேச்சை. ஒன்பது வருஷம். கோயிலில் அவள் வலப்பக்கம் இருந்தால் நான் இடப்பக்கம். "சொல்லவேண்டியதைச் சொல்லுவேன், கோபப்படுறவங்க படட்டும்" என்பாள் அவள். நான் பட்டேன், குறைவில்லாமல்.

அப்புறம்தான் அந்த நாள். என் வீட்டுக்காரர் பயற்றுப் பந்தலுக்கு மருந்து அடித்துவிட்டு உச்சிவேளையில் வந்து படுத்தார். பந்தல் தலைக்கு மேலே. அடித்ததில் பாதி அவர் மேலேயே சொட்டியிருக்கிறது. மூக்கிலும் வாயிலும் கண்ணிலும் தண்ணீராக ஒழுகுகிறது. வேர்த்துக் கொட்டுகிறது, வாந்தி, வயிற்றுப்போக்கு. கூடியவர்கள் கசப்பு மரச்சீனி தின்றிருப்பார் என்றார்கள், வெயில் என்றார்கள். நான் அவர் தலையில் கட்டியிருந்த துவர்த்துத் துண்டை அவிழ்த்து அதாலேயே வாயைத் துடைத்தேன். உடம்பு விறைக்கிறதே என்று அதையே நெஞ்சில் போர்த்தினேன். மருந்தில் ஊறின துணியைக்கொண்டு நானே மூடியிருக்கிறேன், பாருங்கள்!

ரோட்டில் வெள்ளறடை பஸ்ஸுக்கு நின்ற லில்லிபாய் எங்கள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். கேட்டைச் சுற்றி வரவில்லை. மதில்தான். ஆஸ்பத்திரி நர்சு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வயசு அப்போது! இமையைப் பிதுக்கி, "கண்ணுமணி கடுகு கணக்கா சுருங்கியாச்சு" என்றாள். "மைனி, இந்தச் சட்டையோடதான் மருந்து அடிச்சாரா?"

நான் தென்னையைப் பார்த்து, "ஆமான்னு சொல்லு" என்றேன்.

"தென்னைகிட்ட பொறவு பேசலாம். கத்திரி எடு!"

கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு சட்டையைக் கழுத்திலிருந்து அடிவரை கிழித்தாள். ஊரே பார்க்க, என் வீட்டுக்காரரை உடுதுணி இல்லாமல் கிடத்தி, கிணற்று மோட்டாரைப் போட்டு, ஹோஸ் பிடித்து சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள். "அந்தத் துவர்த்தைத் தொடாத! நீயும் கை கழுவு, உன்னையும் அது விடாது!" பிறகு சசியின் ஆட்டோ. நெய்யாற்றின்கரை போகிற வழியெல்லாம் அவரை ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்து, வாயில் நிறைந்த எச்சிலை வழித்துக்கொண்டே வந்தாள். "சசி, பிரேக் இருக்கதையே மறந்திரு மக்கா!" ஆஸ்பத்திரியில் இறங்கும் முன்னேயே, "சாறே, கிருஷ்ணமணி நோக்கணே!" என்று மலையாளத்தில் கத்தினாள். டாக்டர் கண்மணியைப் பார்த்தார், ஊசி ஏறியது. ஒன்று, இரண்டு இல்லை. நெஞ்சில் இரைச்சல் அடங்கும்வரை திரும்பத் திரும்ப.

அன்று சாயங்காலம் வராந்தாவில் நானாகவே வாய் திறந்தேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு: "அந்த மருந்து என்னதான் செய்யும்?"

அவள் சுவரில் இருந்த காலிங்பெல் பொத்தானைக் காட்டினாள். "நம்ம உடம்பில எச்சிலுக்கு, வேர்வைக்கு, கண்ணீருக்கு எல்லாம் இப்படிப் பொத்தான் உண்டு. அமுக்கிற விரலும் உடம்புக்குள்ளதுதான். அமுக்கினதும் இன்னொரு கை வந்து விரலை எடுத்துவிடும். இந்த மருந்து பொத்தானைத் தொடவே செய்யாது. எடுக்க வாற கையைக் கெட்டிப்போடும், அவ்வளவுதான். விரல் அங்கேயே இருக்கும். பெல் அடிச்சிட்டே கிடக்கும்."

"அப்போ ஊசி?"

"பொத்தானுக்கு ஒரு மூடி. கெட்டின கை சரியாவது வரை."

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இத்தனை தெளிவாக எதுவும் என் தலைக்குள் இறங்கியதில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அவர் முகம் சிவந்து, நாக்கு வறண்டு பிதற்ற ஆரம்பித்தார். இல்லாத ஆடுகளை ஓட்டினார். பிறகு லில்லிபாயைப் பார்த்து, "மாப்பிள்ளை வீட்டாரை நான்தான் வேண்டாம்னு சொல்லி அனுப்பினேன். பிள்ளையை டெல்லிக்குக் கொண்டுபோயிருவானுவ. பழி உன் தலையில இருக்கட்டும்னு விட்டேன், லில்லி" என்றார்.

லில்லிபாய் அவர் நெற்றியை ஈரத்துணியால் துடைத்தாள். என்னைப் பார்க்காமலே, "ஊசி பேசுது, மைனி. இந்த ஊசி போட்டா ஆளு இல்லாததெல்லாம் சொல்லும். நம்பாத" என்றாள்.

அவள் ஒன்பது வருஷம் சுமந்த பழி கண்முன்னே இறங்குகிறது. 'கேட்டியா, மைனி' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சாகக்கிடந்த மனுஷனை என்னிடமிருந்து காப்பாற்றிவிட்டாள் அவள், இரண்டாம் தடவை.

வீட்டுக்கு வந்த பிறகு அவரிடம் கேட்டேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். போதும். அவரும் அந்த மருந்து மாதிரி ஆக்கும். பொத்தானைத் தொடவில்லை, என் கோபத்தை எடுக்கவேண்டிய கையைப் பிடித்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அந்த ஒன்பது வருஷக் கோபத்தை அப்படியே அவர் பேருக்கு மாற்றிவிட்டேன். இன்னும் ஓடுகிறது.

அடுத்த ஞாயிறு நான் கோயிலில் வலப்பக்கம் போய் அவளருகில் இருந்தேன். பைபிளை நகர்த்தி இடம் விட்டாள். மன்னிப்பு நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் பொய் உடைந்திருக்கும். அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

பூச்சிமருந்து இப்போது மோட்டார் ஷெட்டில், பூட்டின பெட்டியில் இருக்கிறது. அவர் இதோ கட்டிலில் கிடந்து, என்ன எழுதுகிறாய் என்று கேட்கிறார். நேருக்கு நேர் உண்மை சொல்லி ஊரெல்லாம் பகை தேடினவள், எனக்காக ஒரே ஒரு பொய் சொன்னாள். அவளிடமிருந்து நான் வைத்திருப்பது அது. யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்றுதான் இருந்தேன். இன்றைக்கு உங்களுக்குக் காட்டிவிட்டேன்.