அளக்காமல் விட்ட உயரம்

வத்தேகமவில் அந்த வீட்டுக்குள் நுழையும்போதே எனக்கு எரிச்சல். காலையிலிருந்து விடாத மழை. பிரஷர், சர்க்கரை மாதிரியான நோய்கள் யார் யாருக்கு வரக்கூடும் என்று நாடு முழுக்கப் பெரியவர்களை அளந்து பார்க்கும் கணக்கெடுப்பு அது. கண்டிப் பக்கத்து வீடுகள் என் பங்கு. வீட்டுக்கு ஒருவர்தான், யார் என்பதை என் கையிலிருக்கும் டேப்லெட்டே குலுக்கி எடுக்கும். இங்கே அது எடுத்தது வீட்டுக்காரரை. சவப்பெட்டி செய்கிறவர். ஆளை அளக்கப் பாதி வேளை அவருக்கு அளவு நாடாவே வேண்டாம், கண்ணே போதும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

முன்னறை முழுக்கப் பெட்டிகள். வார்னிஷ் வாடை தொண்டையைப் பிடித்தது. உயரம் பார்க்கும் பலகையைச் சுவரோடு நிமிர்த்தி, வந்து சாய்ந்து நில்லுங்கள் என்றேன். அவர் அசையவில்லை. மனைவிதான் குறுக்கே வந்து நின்றார்.

"இந்த வீட்டுல தலையிலருந்து கால் வரைக்கும் அளவெடுத்தா அது செத்தவங்களுக்குத்தான். இவர யாரும் அளக்கக் கூடாது."

என்ன பைத்தியக்காரத்தனம் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, அது கிடக்கட்டும், முதலில் பிரஷர் பார்ப்போம் என்றேன். அதற்குக் கையை நீட்டினார். இடைவெளி விட்டு மூன்று முறை பார்க்க வேண்டும். அதுவரை யாரும் பேசக் கூடாது. அந்த அமைதியில் ஏதோ ஒரு பெட்டியின் மரம் 'டக்'கென்று வெடித்தது. அவர்கள் இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெஷினில் எண் ஏறியது. அடுத்த முறை இன்னும் மேலே. மூன்றாவது முறை அதற்கும் மேலே. மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு தலைவலிகூட இல்லையாம்.

இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றேன். பின்னேரம் ஒரு பெட்டி கொடுக்க வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். மனைவி என் பலகையையே வெறித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது.

"இப்பவே ஆட்டோவுல ஏறுங்க, பலகைய மடக்கிடுறேன். இல்லேன்னா அளந்துட்டுத்தான் போவேன்."

மனைவி உள்ளே ஓடிப்போய் அவருடைய சட்டையோடு வந்தார். அவர்கள் போனபின், உயரம் என்ற இடத்தில் 'மறுத்தார்' என்று போட்டேன்.

அடுத்த வாரம் அந்தத் தெருவுக்கு மறுபடி போனபோது பயந்து பயந்துதான் எட்டிப் பார்த்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்திருந்தார், உயிரோடு. ஒரு நாள் பிந்தியிருந்தால் ஆளே இல்லை என்று டாக்டர் சொன்னாராம். எனக்கு அழுகை வந்துவிட்டது. மனைவி என்னை உட்காரவைத்து, கைகளைப் பிடித்துக்கொண்டு, நான் அன்றைக்கு அளக்காமல் விட்டதால்தான் அவர் பிழைத்தார் என்றார். மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. விளக்கம் சொல்ல ஆரம்பித்து, விட்டுவிட்டேன்.

புறப்பட எழுந்து நின்றேன். அவர் நன்றியோடு என்னைப் பார்த்தார். பார்வை உச்சந்தலையில் தொடங்கி, மெதுவாக இறங்கி, பாதத்தில் போய் நின்றது. உதடு லேசாக அசைந்தது.

"அந்தப் புள்ளைய அப்பிடிப் பாக்காதீங்க!" என்று மனைவி கத்தினார்.

நான் பொத்தென்று கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.