காதில்லாத தலை

இந்தக் கடைவீதியில் பழங்காசு என்றால் என் கடைதான். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பிளாட்பாரத்தில் சாக்கு விரித்து ஆரம்பித்தேன். இன்று கோட்டு போட்ட பேராசிரியர்கள் என் மேஜைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, இது அசலா போலியா என்று கேட்டுப் போகிறார்கள். அப்படிப்பட்ட நானே ஒப்புக்கொள்கிறேன், காசு பார்ப்பதில் என்னை மிஞ்சிய ஆள் ஒருவர் உண்டு. என் அண்ணி.

அண்ணனுக்கு நாணயச்சாலையில் அச்சு மெருகு போடும் வேலை. ஒருமுறை பெண் தலை அச்சை அசந்துபோய்த் தேய்த்ததில் காது மறைந்துவிட்டது. அதில் அடித்த காசுகளில் எல்லாம் காதில்லாத பெண். "வீட்டுக்காரி பேச்சுக்குப் பயந்து அச்சுக் காதையும் அடைச்சுட்டியா?" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். அடித்த காசு சுடச்சுட இருக்கும். அதை ஆறுவதற்குள் உள்ளங்கையில் பொத்திப் பார்ப்பது அண்ணன் பழக்கம்.

ஒரு நாள் சாப்பாட்டு மணி அடித்ததும் கை கழுவப் போனவன் திரும்பவில்லை. காதில்லாத அச்சையும் காணோம். வாசலைத் தாண்டிப் போகவில்லை என்று காவலாளி சத்தியம் செய்தார். உள்ளேயும் சல்லடை போட்டுத் தேடிவிட்டார்கள்.

அண்ணி என் கடைக்கு வந்து ஜன்னலோரம் லென்ஸோடு உட்கார்ந்தார். நான் மூட்டையாக வாங்கிவரும் காசைக் கொட்டி, காதில்லாத தலைகளை மட்டும் பொறுக்கி வரிசைப்படுத்துவார். அச்சில் விரிசல் விழுந்தால் காசில் அது மேடான கோடாக எழும். அடிக்க அடிக்கக் கோடு நீளும். முதலில் அடித்த காசில் கண்ணோரம் மயிரிழையாக இருந்தது, அண்ணன் போன அன்று அடித்ததில் மூக்கைத் தொட்டிருந்தது. அதற்கு மேல் நீண்ட காசு கிடையாது. பன்னிரண்டு வருஷம் இப்படி.

அவன் இறந்துபோனதாக எழுதிய காகிதம் ஒன்றை என் மேஜை டிராயரில் வைத்திருந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை அண்ணியிடம் கையெழுத்துக் கேட்பேன். "யாரும் வந்து எங்கிட்ட சொல்லலையே தம்பி" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

பதின்மூன்றாம் வருஷம் ஒரு காசு வந்தது. ஒரு காசின் மேலேயே வேறு அச்சை அடித்த காசு அது. இப்படிப்பட்டதில் அடியில் நசுங்கிக் கிடப்பதுதான் முந்தியது, மேலே எழும்பி நிற்பது பிந்தியது. நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடியில் காதில்லாத தலை, மேலே போன வருஷத்துத் தேதி, பழைய காசை மறுபடி அடித்திருக்கிறார்கள், இதில் ஒன்றுமில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அண்ணி காசைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். "தேதிக்கு மேல மூக்குக் கோடு ஏறிப் போகுது தம்பி. நீங்க தலைகீழாப் படிச்சுட்டீங்க."

நாற்பது வருஷத்தில் நான் அப்படித் தப்பாகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தேதிதான் அடியில் நசுங்கியிருந்தது. போன வருஷத்துக் காசின் மேல், பன்னிரண்டு வருஷத்துக்கு முன் காணாமல் போன அச்சு விழுந்திருந்தது. கோடு மூக்கைத் தாண்டி உதடுவரை இறங்கியிருந்தது.

பிறகு மாதத்துக்கு ஒன்று வந்தது. மூட்டை விற்றவர்களை விசாரித்தேன். ஆளுக்கொரு ஊர், ஒருவரை ஒருவர் தெரியாது. ஒவ்வொன்றிலும் கோடு நீண்டுகொண்டே போனது. முகம் இரண்டாகப் பிளப்பதுபோல இருந்தது. நான் எதற்கும் பயந்தவன் இல்லை, இருந்தாலும் அந்தக் காசுகளைக் கவிழ்த்தே வைப்பேன். அண்ணி நிமிர்த்தி வைப்பார்.

"அச்சு இன்னும் ரெண்டு மூணு அடிதான் தாங்கும்" என்றார் ஒரு நாள்.

போன வாரம் காலையில் மூட்டை அவிழ்த்ததும் மேலாகவே அது கிடந்தது. அடியில் இந்த வருஷத்துத் தேதி. மேலே பாதி முகம். மீதிப் பாதி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மொழுக்கென்று ஒரு மேடு. அச்சு உடைந்தால்தான் காசில் அப்படி விழும்.

அண்ணி லென்ஸைக் கீழே வைத்தார். பிறகு, "அச்சு போயிடுச்சு. அந்தக் காகிதத்தை எடுங்க" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். பேனா மூடியைத் திறந்தார். காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க, அந்தக் காசையே அதன் மேல் எடுத்து வைக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

"தொட்டுப் பாருங்க தம்பி. இன்னும் ஆறல."

மூட்டை வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. சிமெண்டுத் தரை, வெயில் படாத மூலை. மற்ற காசெல்லாம் சில்லென்று இருந்தன. இதைத் தொட்டேன். என் ஆள்காட்டி விரலில் கொப்புளம் எழுந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது.

அண்ணி பேனாவை மூடிவிட்டார். சூட்டைப் பொருட்படுத்தாமல் காசை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். பிறகு நாற்காலியை ஜன்னலிலிருந்து திருப்பி, வாசலைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். "இனி அங்கே உங்க அண்ணனுக்கு வேலை இல்லையே" என்றார்.

காகிதத்தை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். இனி கேட்க மாட்டேன்.