வாப்பாவைச் சுற்றி ஒரு கோடு

புத்தளத்தில் எங்கள் முஸ்லிம் ஆட்களின் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்தை வீடியோ எடுப்பதும் பெண்தான், அதைக் கொம்பியூட்டரில் வெட்டி ஒட்டுவதும் பெண்தான். அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாதே! அதனால்தான் எனக்குப் பிழைப்பு. கதவைச் சாத்திக்கொண்டு ஊரிலுள்ள பாதி மணப்பெண்களைப் பார்த்து முடித்துவிட்டேன். அவர்களுக்கெல்லாம் நான் 'தாத்தா', எங்கள் பேச்சில் அக்கா. இனி அதிசயப்பட ஒன்றுமில்லை என்ற திமிரும் இருந்தது.

போன வருடம் கரைத்தீவிலிருந்து ஒரு உம்மாவும், புதிதாகக் கலியாணம் முடித்த அவருடைய மகளும் வந்தார்கள். மகளின் வாப்பா கட்டாரில். விசாச் சிக்கலில் மாட்டிப் பத்து வருடமாக ஊருக்கு வரவில்லை. நிக்காஹ்விலும் அவருடைய இடத்தில் அவர் தம்பிதான் உட்கார்ந்து மகளைக் கொடுத்திருந்தார்.

"வாப்பா எங்கட புள்ளட தலையில கை வெச்சி துஆ கேக்கிற மாதிரி ஒரு வீடியோத் துண்டு வேணும் மகள். அவர் தனியா எடுத்து அனுப்பியிரிக்கார். அதச் சேத்துத் தருவீங்களா? மனிசன் அதுக்குத்தான் கிடந்து துடிக்கிறார்," என்று என்னையும் மகளாக்கிக் கேட்டார் உம்மா.

"ஓம், அதென்ன பெரிய வேல," என்றேன். வாய்க்கொழுப்பு.

யாரோ சொல்லிக் கொடுத்தபடி வாப்பா பின்னால் பச்சைத் துணி கட்டித்தான் எடுத்திருந்தார். பச்சையை அழித்தால் ஆள் மட்டும் மிஞ்சுவார். ஆனால் மகளின் கலியாணமல்லவா, மனிதர் தேடி உடுத்தியிருந்ததும் பச்சைச் சேட்டு! அழித்தேன். தலையும் இரண்டு கைகளும் இடுப்பில் கட்டிய வெள்ளைச் சாரமும் தனித்தனியாக அந்தரத்தில் நின்றன. "யா அல்லாஹ், இவருக்கு வேற சேட்டே கிடைக்கல்லையா?" என்று கத்திவிட்டுப் பிறகு வயிறு நோகச் சிரித்தேன்.

மிஞ்சியது மாஸ்க்தான். அதாவது, ஆளைச் சுற்றி ஒரு கோடு வரைவது. கோட்டுக்கு உள்ளே இருப்பது தெரியும், வெளியே இருப்பது மறையும். ஒரு வினாடிக்கு இருபத்தைந்து படங்கள், ஒவ்வொன்றிலும் கோட்டைச் சரிபார்க்க வேண்டும். விளிம்பு எவ்வளவு மென்மையாக இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு எண் உண்டு. அதைக் குறைத்தால் கத்தரிக்கோலால் வெட்டிய பொம்மைபோல் நின்றார், கூட்டினால் விரல்கள் கரைந்தன. தோளுக்கு ஒன்று, தாடிக்கு ஒன்று, விரல்களுக்கு ஒன்று என்று வேறு வேறு எண் போட்டு, எரிச்சலில் மவுஸை இரண்டு தடவை எறிந்தேன்.

மூன்றாம் நாள்தான் கவனித்தேன். சும்மா நிற்கிற மனிதர் என்றல்லவா நினைத்திருந்தேன்? மூச்சுக்கு மூச்சு அவர் தோள் ஏறி இறங்கியது, கூடவே என் கோடும் ஏறி இறங்கியது. துஆவின் நடுவில் மூச்சு நின்றது. பதினேழு படங்களுக்கு எனக்குக் கோட்டைத் தொடவே தேவைப்படவில்லை. பிறகு கீழுதடு நடுங்கியது. சாதாரணமாக ஓடவிட்டுப் பார்த்தால் இதில் எதுவுமே தெரியாது. சுப்ஹானல்லாஹ், அசையாமல் நிற்கிற ஒரு மனிதனுக்குள் இவ்வளவு நடக்குமா! அதன்பிறகு மவுஸை எறியவில்லை.

ஐந்தாம் நாள் அவரை மகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். விளிம்பே தெரியவில்லை. ஆனால் அவருடைய கை தலைக்கு வரவில்லை, மகளின் தோளுக்குக் கீழே நின்றது. அளவை எத்தனையோ தடவை பார்த்தேன், பிழையில்லை. ஆளை உயர்த்தினால் கால் நிலத்தை விட்டது. உம்மாவையும் மகளையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏன் இவர் கைய இவ்வளவு கீழ வெச்சார்?" என்று கேட்டேன்.

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மகள்தான் சொன்னாள். "வாப்பா போகக்குள்ள எனக்கு ஒம்பது வயசு, தாத்தா. நான் அவ்வளவுதான் இருந்தன்."

நாள் தவறாமல் போனில் முகம் பார்க்கிறவர்தான். போனில் முகம் தெரியும், உயரம் எங்கே தெரிகிறது?

"திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லுவமா?"

"வேணா தாத்தா. அவருக்குச் சொல்லவே வேணா."

அடுத்த நாள் கலியாண உடுப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, என் அறையிலேயே மாற்றிக்கொண்டு கமராவின் முன்னால் நின்றாள். பக்கத்துத் திரையில் வாப்பா கையை நீட்டியபடி இருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து, நீண்ட பாவாடைக்குள்ளே முழங்காலை மடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினாள்.

"இவ்வளவு காணுமா?"

"இன்னும் ரெண்டு விரல்," என்றேன்.

இறங்கினாள். வாப்பாவின் கை மகளின் தலையில் இருந்தது.