மஞ்சள் நீராட்டன்று நான் பேசியது

அமெரிக்காவிலிருந்து தம்பி போன் செய்து, மகள் பெரியவளாவதைக் கொண்டாடும் பாத் மிட்ஸ்வா ஏற்பாடுகளைச் சொன்னான். அவன் மனைவி யூதப் பெண். பன்னிரண்டு வயதில் மகள் சபை நடுவே வேதம் வாசித்து, அதைப் பற்றிப் பேசவும் வேண்டுமாம்.

"அத்தை, உங்க விழாவுல என்ன பேசுனீங்க?" என்று போனை வாங்கி மகள் கேட்டாள்.

எனக்கு நடந்தது மஞ்சள் நீராட்டு. அன்று பாபநாசத்தில், மாமா கட்டிய பச்சைக் கீற்றுக் குடிசையின் வாசனைக்குள் மஞ்சள் தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்தேன். வெளியே மைக் செட் அலறியது. வாழ்த்த வந்த டீச்சரிடம் அப்பா, "இனிமே பள்ளிக்கூடம் அனுப்பலீங்க" என்றார். எனக்கே அப்போதுதான் தெரியும்.

"ஒண்ணும் பேசலம்மா" என்றேன்.

 நீராட்டுக்கு மறுநாள் என் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் தம்பிதான்.