பூரியிலிருந்து வந்த சோழி

லேக் கார்டன்ஸில் மாடிப் போர்ஷனில் நாங்கள் குடியிருந்தபோது எனக்கு எட்டு வயது. அந்த வருஷம் பூஜா விடுமுறைக்குப் பூரி போனோம். கடற்கரையில் மீனவர் ஒருவர் வலையை உதறியபோது என் காலடியில் ஒரு சோழி வந்து விழுந்தது. வீட்டில் தாயம் ஆட வைத்திருந்த சோழிகள் வெளிறிப்போனவை. இது எண்ணெய் தடவினாற்போல் மின்னியது, முதுகெல்லாம் பழுப்புப் புள்ளி. அதற்குள் நத்தை இன்னும் உயிரோடு இருந்தது எனக்குத் தெரியாது. பவுடர் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, கூடத்து ரேடியோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

புதன்கிழமை வீடு திரும்பினோம். வெள்ளிக்கிழமை வீடு நாற ஆரம்பித்தது. அம்மா கீழ்வீட்டு மாஷிமாவின் மீன் சமையலைக் குறை சொன்னாள். மாஷிமாவோ மூக்கைப் பொத்திக்கொண்டு மாடியேறி வந்து, நல்ல மீன் இப்படி நாறுமா, உங்கள் வீட்டில்தான் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று வங்காள மொழியில் வருத்தப்பட்டாள். அப்பா எலியைத் தேடிப் பரணையே கீழே இறக்கினார். என் சோழியை நான் சந்தேகிக்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க டாலிகஞ்சிலிருந்து பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அத்தை அப்பாவின் தங்கை, டல்ஹௌசியில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். பிள்ளை பாங்க் ஆபீசர். இதைவிட நல்ல இடம் அமையாது என்று அப்பா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று அவர் ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தினார். மல்லிகை வாசனையும் சேர்ந்து நாற்றம் இன்னும் மோசமாயிற்று. பிள்ளையின் அம்மா ரேடியோவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையில் அத்தைதான் அதைத் துடைத்து அங்கே போட்டிருந்தாள். வந்தவள் புடவைத் தலைப்பை மூக்கிலிருந்து எடுக்கவேயில்லை.

"வங்காளத்துக்கு வந்து நீங்களும் மீனுக்கு மாறியாச்சா?" என்று கேட்டாள்.

அப்பா எலியைப் பற்றி ஏதோ சொல்லிப் பார்த்தார். கேசரியைத் தொடாமலே அவர்கள் எழுந்து போனார்கள். அம்மா சமையலறைக்குள் போய் அழுதாள்.

அத்தை என்னைக் குளியலறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். அவள் கையில் என் பவுடர் டப்பா. சோழியைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, ஹேர்பின்னால் உள்ளே குடைந்து சுத்தம் செய்தாள். நத்தை செத்துப்போன விஷயத்தையும் அப்போதுதான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எப்போ பார்த்தே, அத்தை?"

"நேத்திக்கே."

"தூக்கிப் போட்டிருக்கலாமே?"

"நீ ஆசையா வச்சிருந்தே. அதை எப்படித் தூக்கிப் போடறது?"

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வேறு செய்து கொடுத்தாள். அவளுக்கு என்மேல் இவ்வளவு பிரியமா என்று உருகிப்போனேன்.

அடுத்த வருஷம் அத்தை தன்னோடு வேலை பார்த்த ஒரு வங்காளியைக் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா ஆறு மாதம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் அவரே முன்னால் நின்று நடத்திவைத்தார். கல்யாணத்துக்கு அத்தை தன் சம்பளத்தில் எனக்கு மட்டும் பட்டுப் பாவாடை எடுத்துக் கொடுத்தாள். வந்த நல்ல சம்பந்தத்தைக் கெடுத்தவளுக்கு எதற்காகப் பட்டுப் பாவாடை என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால் திருப்பி வாங்கிக்கொண்டுவிடப் போகிறாளே என்று பேசாமல் உடுத்திக்கொண்டேன்.