மச்சாள் அழித்து எழுதிய விடைகள்

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் முடிந்து பஸ்ஸில் வந்திறங்கிப் படலையைத் திறந்தபோது, முற்றத்தில் ஆறு கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. எங்கள் வீட்டில் இருந்தவை நாலுதான். மற்ற இரண்டும் பக்கத்து வீட்டிலிருந்து வந்தவை. அவற்றோடு சேர்ந்து பக்கத்து வீட்டு அக்காவும் வந்திருந்தார். அம்மா, அண்ணா, அண்ணாவின் இரண்டு பிள்ளைகள், அந்த அக்கா என்று ஐந்து பேர் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வினாத்தாளும் கையுமாக மச்சாள் நின்றார்.

“மாமி, நீங்கள் டொக்டர். ரீச்சர் உங்களுக்கு வலப்பக்கத்தில இருக்கேலாது.”

“ஏன் இருக்கேலாது?” என்றார் அம்மா. ரீச்சராக உட்கார வைக்கப்பட்டிருந்தவள் அவருடைய செல்லப் பேத்தி. “என்னோட என்ன கோபமாம் அவளுக்கு?”

“கோபமில்லை மாமி. கேள்வியில அப்பிடித்தான் கிடக்கு.”

“அப்ப கேள்வி பிழை.”

என்னைக் கண்டதும் மச்சாள் காலியாகக் கிடந்த கதிரையைக் காட்டினார். “வாரும், வாரும். நீர்தான் எஞ்சினியர்.” கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நான் எஞ்சினியராக உட்கார்ந்தேன்.

மச்சாள் என் அண்ணாவின் மனைவி. முப்பத்தைந்து வயதைத் தாண்டி, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பத் தொடங்கிய பிறகு, சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். உயர்தரப் பரீட்சையை அவர் எழுதியது வவுனியாவில், இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில். நல்ல பெறுபேறுதான். ஆனால் அந்த நேரம் மேலே படிப்பதைப் பற்றி யோசிக்க அவர்கள் வீட்டில் ஒருவருக்கும் மனம் இருக்கவில்லை. கலியாணம் முடித்துக் கிளிநொச்சிக்கு வந்து, அண்ணாவோடு சேர்ந்து வயலைப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் தாத்தா குடியேறி வந்தபோது கிடைத்த வயல் அது. குளத்துத் தண்ணீர் பாயும் பூமி.

சட்டம் படிக்கும் ஆசை நீதிமன்ற வாசலில்தான் வந்தது. பக்கத்து வீட்டு அக்காவைப் புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, பிள்ளைகளின் செலவுக்காக அவர் போட்ட வழக்குக்கு மச்சாள் துணைக்குப் போனார். சட்டத்தரணி எழும்பி ஏதோ சொன்னார், நீதவான் ஏதோ எழுதினார், வழக்கு இன்னொரு நாளுக்குத் தள்ளிப் போனது. வெளியில் வந்ததும் அந்த அக்கா, “என்ன நடந்தது?” என்று கேட்டாராம். மச்சாளுக்கும் விளங்கவில்லை. “பக்கத்தில நிண்டனான், ஒரு சொல்லும் விளங்கேல்லை. எனக்கு வெக்கமாப் போச்சு” என்று அன்று பின்னேரம் குசினியில் வைத்து என்னிடம் சொன்னார். அடுத்த வாரமே பரீட்சை விபரங்களை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

முதல் தடவை தோற்றுப்போனார். மொழி வினாத்தாளும் பொது அறிவும் அவருக்குப் பிரச்சினையே இல்லை. வீழ்த்தியவை தர்க்கப் புதிர்கள். ஆறு பேர் வட்டமேசையில் இருக்கிறார்கள், இன்னாருக்கு இடப்பக்கம் இன்னார், இன்னார் அருகில் இன்னார் இல்லை, அப்படியானால் எதிரில் இருப்பவர் யார் என்ற வகைக் கேள்விகள். நான் கணித ஆசிரியை என்பதால் அவற்றைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. வந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு அவற்றைச் செய்யத்தான் தெரியும், சொல்லிக் கொடுக்கத் தெரியாது என்று. நான் கடதாசியில் வட்டம் கீறி எழுத்துகளைப் போட்டுக்கொண்டே போவேன். அவர் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருப்பார். மேசையின் அந்தப் பக்கம் இருப்பவரின் வலக்கை எங்களுக்கு இடப்பக்கமாகத் தெரியும் என்ற இடத்தில் எல்லாம் குழம்பிப் போகும். கதிரைகளை முற்றத்துக்கு இழுத்து வந்தது அவருடைய சொந்த யோசனை.

அம்மாவுக்கு இந்தப் படிப்பு ஆரம்பத்தில் பிடிக்கவேயில்லை. “பிள்ளைகள் படிக்கிற வயசில தாய் படிக்கிறதோ?” என்று என் காதில் விழும்படி முணுமுணுப்பார். ஆனால் டொக்டர் ஆன பின்னேரத்திலிருந்து அவரையும் புதிர் பிடித்துக்கொண்டது. பொழுது சாய்ந்தால், “இண்டைக்கு நான் ஆர்?” என்று தானாகவே வந்து உட்காருவார். கொஞ்சக் காலத்தில் கதிரைகள் உள்ளே போய், குசினித் தட்டில் இருந்த டம்ளர்கள் ஆட்களாயின. பிறகு டம்ளர்களும் போய், மச்சாள் வெறும் கடதாசியில் வட்டம் கீறத் தொடங்கினார். நெல் காயப்போடும்போதும் வாய் எதையோ முணுமுணுத்தபடியே இருக்கும். அண்ணா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், “பொறுங்கோ, இவனை எங்க இருத்துறதெண்டு தெரியேல்லை” என்று பதில் வரும்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. பாதி வழியில் விடை பிழைத்தது தெரிந்தாலும் அதை அழிக்க மாட்டார். ஒருவரை இங்கே நகர்த்தி, மற்றவரை அங்கே மாற்றி, ஒட்டுப்போட்டுச் சரிக்கட்டப் பார்ப்பார். “இவ்வளவு தூரம் கஷ்டப்பட்டுச் செய்தது, எப்பிடி அழிக்கிறது?” என்பார். எத்தனையோ தடவை கட்டிய வீட்டை விட்டுவிட்டு வந்தவர் அவர். அதனால்தானோ என்னவோ, கையில் இருப்பதை விட்டுவிட அவருக்கு மனம் வராது. நானும் அதைப் பற்றி அதிகம் வற்புறுத்தவில்லை.

இரண்டாம் தடவை பரீட்சைக்குக் கொழும்புக்கு நான்தான் கூடப் போனேன். மண்டபத்துக்குள் போகும்போது திரும்பியும் பார்க்கவில்லை. வெளியே மரத்தடியில் மற்றப் பிள்ளைகளின் பெற்றோரோடு காத்திருந்தேன். அவர்களில் ஒருவர், “உங்கட மகளோ எழுதுறா?” என்று கேட்டார். “என்ர மச்சாள்” என்றேன். ஏனோ அதைச் சொல்லும்போது பெருமையாக இருந்தது.

வெளியில் வந்தவரின் முகம் சிவந்திருந்தது. முதலில் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்துவிட்டுத்தான் கதை வந்தது. கடைசிப் புதிரில் மேசையும் இல்லை, கதிரையும் இல்லை. ஒரு கிழமையின் ஏழு நாளும் ஏழு பேர் ஒவ்வொருவராகக் கூட்டத்தில் பேசுகிறார்கள், யார் எந்த நாள் என்று கேட்டிருந்தார்கள். நாங்கள் அப்படி ஒன்றைப் பழகியதேயில்லை. பிறகு மழை குறைந்த சிறுபோகத்தில் எங்கள் வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடுவதை நினைத்தாராம். மேல்மடை வயலுக்குப் பிறகுதான் கீழ்மடை, இன்னாருக்கு வெள்ளிக்கிழமை வசதியில்லை என்று கமக்காரர் கூட்டத்தில் நடக்கும் அதே இழுபறி. பேச்சாளர்களை வயல்காரர்களாக்கி மளமளவென்று முடித்துவிட்டார்.

“பிறகு திரும்ப வாசிச்சன். ‘அவருக்கு முந்தி’ எண்டு போட்டிருக்கு. நான் ‘அவருக்குச் சரியா ஒருநாள் முந்தி’ எண்டு எடுத்துப்போட்டன். எல்லாம் பிழை.”

“ஐயோ, பிறகு?”

“நேரம் முடியப்போகுது. ஒட்டுப்போடுவம் எண்டுதான் முதல் நினைச்சன். பிறகு, போனால் போகட்டும் எண்டு எல்லாத்தையும் அழிச்சுப்போட்டன். முழுக்க. திரும்ப முதலில இருந்து செய்தன். கடைசி விடையைக் குறிக்க, தாளை வாங்க வந்திட்டினம்.”

சொல்லிவிட்டு நடுவீதியில் நின்று சிரித்தார். வந்த ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்து வளைத்துக்கொண்டு போனான். அவர் அசையவில்லை.

பெறுபேறு வந்த நாள் நான் வகுப்பில் இருந்தேன். அண்ணா அழைத்தார். அவர் ஹலோ சொல்வதற்குள் போனை அம்மா பறித்துக்கொண்டார். “எங்கட பிள்ளை பாஸ்!” என்று அவர் கத்தியது முன்வாங்கில் இருந்த மாணவிகளுக்கும் கேட்டது. அவர்கள் கைதட்டினார்கள். யாருக்காக என்று தெரியாமலே தட்டினார்கள். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மா வீடு வீடாக ஒழுங்கை முழுக்க நடந்து செய்தி சொல்லி முடித்திருந்தார். மச்சாள் கொழும்பில் படித்த காலம் முழுவதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். “தாய் எங்க?” என்று யாராவது கேட்டால், “சட்டம் படிக்கப் போயிருக்கிறா” என்று அழுத்தமாகச் சொல்வார்.

இப்போது மச்சாள் சட்டத்தரணி. போன மாதம் ஒரு காணி வழக்கில் அவர் குறுக்கு விசாரணை செய்வதை முதன்முறையாகப் பார்த்தேன். உடையார்கட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் எல்லை வேலியைப் பற்றிய வழக்கு. எதிர்த்தரப்புச் சாட்சி, வேலி போட்டதைத் தன் கண்ணால் கண்டதாக உறுதியாகச் சொன்னார். மச்சாள் குரலை உயர்த்தவில்லை. வேலி போட்ட மாதம் எங்கே இருந்தீர்கள், யார் கூட இருந்தார்கள், எப்போது திரும்பினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சாட்சி வவுனியா ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததைத் தானே சொல்லி முடித்தார்.

“அப்படியானால், வேலி போட்ட அன்று நீங்கள் ஊரில் இருக்க முடியாது. சரியா?”

சாட்சி தலையைக் குனிந்தார். “ஓம்.”

நீதிபதி நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். “வேறு கேள்விகள் இல்லை” என்று மச்சாள் உட்கார்ந்தபோது, எனக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்தார். வெளியில் வந்ததும் மச்சாள் அவரைத் தூணோரம் கூட்டிப் போய், உள்ளே நடந்ததையெல்லாம் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். அவர் தலையாட்டி, திரும்பக் கேட்டு, மறுபடியும் தலையாட்டினார். அவர் பஸ்ஸுக்குப் போன பிறகுதான் மச்சாள் என்னிடம் வந்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார். ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன்.

“சரியான பசி” என்றார். “வாரும், ரெண்டு பேருமா வடிவாச் சாப்பிடுவம்.”