மர்த் விடாத சொற்கள்

புதுச்சேரி நெல்லித்தோப்பு மர்த் முப்பது வருடம் பிரெஞ்சுக்கும் தமிழுக்குமாகப் பத்திரங்களை மொழிபெயர்த்தவள். ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். பிரான்சிலிருந்து வந்த தீவிர வலதுசாரித் தலைவரும் அவரைப் போன்ற உள்ளூர்த் தலைவரும் கூட்டணி ஒப்பந்தம் போட அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

பிரெஞ்சுக்காரர் தன் ஊர் டிவி கேமராவைப் பார்த்து முழங்கினார். மர்த் நிதானமாகத் தமிழில் சொன்னாள்: "குடியேறின கறுப்புத்தோல்காரங்க ஒருத்தர் விடாம பிரான்சைவிட்டுப் போகணுமாம்."

உள்ளூர்த் தலைவரின் மகன் வேலை பார்ப்பது பாரிஸில். முகம் சுண்டிப்போனாலும் அவரும் தன் பங்குக்கு முழங்கினார். இந்த மண்ணில் சர்ச்சுகளுக்கு இடமில்லை என்பதை மர்த் பிரெஞ்சில் அட்சரம் பிசகாமல் சொன்னாள். பிரெஞ்சுக்காரர் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோனார்.

"கொஞ்சம் பூசி மெழுகியிருக்கலாமே, மதாம்?" என்றார் உள்ளூர்த் தலைவர்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஆளுங்களாச்சே. மறைக்க என்ன இருக்குன்னு நினைச்சுட்டேன்."